இங்கிலீசில் ஒரு வீடு

“தம்பி, இதில ஆருட வீடெண்டு எழுதியிரிக்கி?”

ஆச்சிப்பிள்ளை வகுப்பு வாசலில் நின்றபடி கரும்பலகையைக் குடையால் காட்டினார். மழையும் இல்லை, வெயிலும் ஏறவில்லை. ஊரின் பெரிய வயற்காரரான போடியாரின் வீட்டு அம்மா பள்ளிக்கூடத்துக்கு வெறுங்கையோடு வரலாகாது என்று குடையைக் கொண்டுவந்திருந்தார்.

கனகசிங்கம் வாத்தியார் எழுந்து நின்றார். பலகையில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் ஒரே ஒரு வசனம் இருந்தது: ‘திஸ் இஸ் மை பாதர்ஸ் ஹவுஸ்.’

“இது என்ட தகப்பன்ட வீடு எண்டு எழுதியிரிக்கி, அம்மா.”

“அப்ப குஞ்சித்தம்பி பொய் சொல்லல்ல.”

குஞ்சித்தம்பி ஆச்சிப்பிள்ளையின் கடைசி மகன். ஏழு வயது. முதல்நாள் இரவு சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, புது வசனத்தை இங்கிலீசில் ஒரு தரம் சொல்லிக் காட்டியிருக்கிறான். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு அதையே தமிழில் சொன்னான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

“அது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு,” என்றார் ஆச்சிப்பிள்ளை. “இவர் வரேக்க ரெண்டு வேட்டியும் ஒரு சால்வையும் கொண்டுவந்தவர். சால்வை இப்ப இல்ல. வசனத்தை மாத்துங்க.”

மட்டக்களப்பு வாவியின் எந்தக் கரையிலும் இதற்கு விளக்கம் தேவையில்லை. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து இருப்பவர். கனகசிங்கமும் குருக்கள்மடத்தில் தன் தாயின் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். அவருடைய தகப்பனும் வந்து இருந்தவர்தான். ஆனால் வசனம் இங்கிலீசில் இருந்தபடியால் அவருக்கு அது உறைக்கவில்லை. சீமையில் அச்சடித்த பாலபாடம் அது. படத்தில் ஒரு சிவப்பு ஓட்டு வீடு, வாசலில் சுங்கான் புகைத்துக்கொண்டு ஒரு தகப்பன். அந்த மனிதரைப் பார்த்து வாவிக்கரைப் பெண்ணொருத்தி கோபிக்கக் கூடும் என்று யார்தான் நினைப்பார்கள்.

“புத்தகத்தில உள்ள வசனம்தானே, அம்மா. ஏன் மாத்தோணும்?”

“புத்தகம் எழுதினவர் வந்து எங்கட வீட்டில இரிக்கப் போறாரா?”

கனகசிங்கம் பாலபாடத்தை மூடி வைத்தார்.

அவருக்கு இருந்த நெருக்கடி வேறு. அடுத்த வெள்ளிக்கிழமை பெற்றோர் தினம். இங்கிலீசுச் சின்ன வகுப்பின் பதினொரு பிள்ளைகளும் தாய் தகப்பனுக்கு முன்னால் ஏறி நின்று, சிலேட்டில் வரைந்த வீட்டைத் தூக்கிக் காட்டி, இங்கிலீசில் ஒரு வசனம் சொல்லி, தாய்க்கு ஒரு பூவும் தகப்பனுக்கு ஒரு பூவும் கொடுக்க வேண்டும். பயிற்சிக் கலாசாலையில் அவர் படித்துக்கொண்டு வந்த முறை. பிள்ளை பேசும் முதல் இங்கிலீசு தாய் தகப்பனைப் பற்றியதாக இருந்தால் மனத்தில் நன்றாகப் பதியும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். யாருடைய மனத்தில் என்று சொல்லவில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வித்தியாதரிசியும் வருகிறார். “அவருக்குப் பிடிச்சா இந்த வகுப்பு நடக்கும்,” என்று தலைமை வாத்தியார் சொல்லியிருந்தார். “பிடிக்காட்டி நீங்க பனிச்சங்கேணிக்குப் போகோணும். தூரம்தான். அங்க அ, ஆ சொல்லிக் குடுக்கிற அரிவரி வகுப்புக்கு ஆள் இல்லையாம்.”

கனகசிங்கத்துக்கு இந்த வகுப்பென்றால் உயிர். காலையில் குருக்கள்மடத்திலிருந்து வாவியைக் கடந்து தோணி கரையைத் தொடுமுன்பே, துறையடியில் பதினொரு குரல் ‘குட் மோர்ணிங், சேர்’ என்று கத்தும். அந்தச் சத்தம் இல்லாத ஒரு காலையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தப் பதினொரு பேரில் ஏழு பேர் ஆச்சிப்பிள்ளையின் சொந்தபந்தம். அவர் கண்ணைக் காட்டினால் வகுப்பில் இருக்க ஆளில்லாத வாங்குகள்தான் மிஞ்சும்.

“மாத்திறன், அம்மா,” என்றார்.

ஆச்சிப்பிள்ளை போகத் திரும்பி, வாசலில் நின்றார். “தம்பிட அம்மா இரிக்காவா?”

“ஓம். குருக்கள்மடத்தில.”

“என்ன குடி?”

கனகசிங்கம் தாய்வழியாக வரும் தன் குடியின் பெயரைச் சொன்னார். ஆச்சிப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போனார். தாயிடம் போய் முறைப்பாடு சொல்லப் போகிறார் என்று கனகசிங்கத்துக்கு விளங்கியது. வாத்தியாராகி மூன்று வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு சோதனை.

அன்றே வசனத்தை மாற்றினார். ‘திஸ் இஸ் மை மதர்ஸ் ஹவுஸ்.’ பிள்ளைகள் மகிழ்ச்சியோடு பாடமாக்கினார்கள். அவர்களுக்கு இது சரியாகவும் பட்டது.

அடுத்தநாள் இடைவேளைக்குக் கந்தப்போடி வந்தார். ஆச்சிப்பிள்ளையின் கணவர். நல்ல உயரம், நல்ல மீசை, பேச்சு மட்டும் குறைவு. வந்து வாங்கில் இருந்து, வெற்றிலையை மென்று முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“தாய்ட வீடு எண்டு சொல்லிக் குடுத்தீங்களாம்.”

“ஓம், போடியார். அதுதானே உண்மை?”

“உண்மைதான். அதை ஏன் இங்கிலீசில சொல்லோணும்?”

கனகசிங்கம் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

“ஊரில எல்லாருக்கும் தெரியும், சரி,” என்றார் கந்தப்போடி. “வித்தியாதரிசிக்கும் தெரியோணுமா? அவருக்கு முன்னால நாங்க எல்லாரும் வீடில்லாத ஆக்கள் மாதிரி வரிசையா இரிக்கோணும். பூவும் வாங்கோணும்.”

நியாயமாகத்தான் இருந்தது. கனகசிங்கம் அழிக்கும் துணியை எடுத்தார். கந்தப்போடி எழுந்து, சால்வை இருக்க வேண்டிய தோளைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் தயங்கினார்.

“எனக்கு இதில ஒண்டும் இல்ல, தம்பி. வீட்டில அவதான் போய்ச் சொல்லச் சொன்னா. சொல்லிட்டன்.”

மனைவியின் வீட்டை மனைவியின் வீடென்று சொன்னதற்குக் கோபப்படும்படி மனைவியே அனுப்பியிருக்கிறார். இதை நின்று யோசித்திருந்தால் கனகசிங்கத்துக்கு ஏதாவது விளங்கியிருக்கும். அவர் யோசிக்கவில்லை. அவருக்குப் புது வசனம் பிறந்துவிட்டது. தகப்பனும் வேண்டாம், தாயும் வேண்டாம். ‘திஸ் இஸ் அவர் ஹவுஸ்.’ எங்கள் வீடு. இதில் யார் என்ன குறை கண்டுபிடிக்க முடியும்?

அன்னப்பூரணி கண்டுபிடித்தார். ஆச்சிப்பிள்ளையின் தங்கை, வகுப்பில் இருக்கும் இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். திங்கட்கிழமை காலையில், மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டார்.

“எங்கட வீடெண்டா ஆருக்கெல்லாம் பங்கிரிக்கி, வாத்தியார்?”

“ஒருத்தருக்கும் பங்கில்லை, அக்கா. சும்மா சொல்றது.”

“சும்மா சொல்ற மாதிரி இல்லையே. குஞ்சித்தம்பியும் எங்கட வீடெண்டுறான், என்ட புள்ளையளும் எங்கட வீடெண்டுதுகள். அக்காட வீட்டு மாமரம் இப்ப எங்களுக்கும் சேத்தியா? அப்பிடியெண்டா எனக்குச் சந்தோசம்தான். அக்காவுக்குச் சந்தோசமில்ல. அவதான் போய்க் கேட்டுவரச் சொன்னவ.”

மாமரம்வரை போய்விட்டது. கனகசிங்கம் வசனத்தை அழித்தார். வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. பிள்ளைகளின் வாயில் மூன்று வசனங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

பின்னேரம் தோணியால் இறங்கி வீட்டுக்குப் போனால், குசினியில் புதுத் தயிர்ச் சட்டி ஒன்று இருந்தது.

“அக்கரையில, உன்ட பள்ளிக்கூடம் இரிக்கிற படுவான்கரையில இருந்து ஒரு அம்மா வந்தவ,” என்றார் தாயார். “எருமைத் தயிர். நல்ல மனிசி.”

கனகசிங்கம் சட்டியை விட்டு விலகி நின்றார். “என்ன சொன்னவ?”

“உன்னைப் பத்தித்தான் கேட்டவ. சொன்னாக் கேக்குற புள்ளையா எண்டு.”

“நீங்க என்ன சொன்ன?”

“உள்ளதைச் சொன்னன். நல்ல புள்ளைதான், ஆனா ஒண்டு சொன்னா ஏன் ஏன் எண்டு உயிரை வாங்குவான் எண்டன். சின்னனில மருந்து குடிக்கவும் காரணம் கேட்டவன்தானே நீ.”

பெற்ற தாயே தன்னைப் பனிச்சங்கேணிக்கு அனுப்பிவைத்துவிட்டார் என்று கனகசிங்கத்துக்குப் பட்டது. அவர் அன்றைக்குத் தயிரைத் தொடவில்லை.

விடிய எழும்பும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இனி வசனத்தை எழுதிவிட்டுச் சண்டைக்குக் காத்திருப்பதில்லை. முதலில் ஆச்சிப்பிள்ளையிடம் சொல்லிக் காட்டி, சம்மதம் வாங்கி, அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதுவது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே போடியார் வீட்டுக்கு நடந்தார்.

பெரிய வளவு. நடுவில் ஓட்டு வீடு. அதற்குப் பக்கத்தில் கூரை போடாத ஒரு புது வீடு, சுவர் மட்டத்தில் நின்றது. குஞ்சித்தம்பி சிலேட்டில் இரண்டு வீடு வரைந்துவிடுவானோ, இரண்டாவதற்கும் ஒரு வசனம் வேண்டுமோ என்ற பயம்தான் கனகசிங்கத்துக்கு முதலில் வந்தது. கிணற்றடியால் போகும்போது யாரோ வெட்டிவிட்டுப் போன, புல் மூடிய பெரிய கிடங்கு ஒன்றில் காலை விடப் பார்த்தார். விலகி நடந்தால் இன்னொரு கிடங்கு.

“கவனம், தம்பி,” என்றார் வாசலில் நின்ற கந்தப்போடி.

“இது என்ன கிடங்கு, போடியார்?”

“அது பழைய கதை,” என்று சொல்லி அவர் வெற்றிலையை எடுத்தார்.

ஆச்சிப்பிள்ளை பாய் போடச் சொன்னார். கனகசிங்கம் இருந்து, தொண்டையைச் செருமி, புது வசனங்களைத் தமிழில் சொன்னார். வீட்டுப் பேச்சே இல்லை. என் தகப்பன் வயலில் வேலை செய்கிறார். என் தாய் சோறு சமைக்கிறார்.

ஆச்சிப்பிள்ளை பாக்கை வெட்டிக்கொண்டே கேட்டார்.

“எந்த வயல்?”

“பொதுவா ஒரு வயல், அம்மா.”

“அந்த வயல் வட்டையில எங்கட பக்கமெல்லாம் என்ட சீதனம். அதை விடுங்க. வேலை செய்யிறார் எண்டு ஏன் சொல்றீங்க? ஆர் கண்ட?” அவர் கணவரைப் பார்த்தார். “நீங்க வயலில என்ன செய்யிற?”

கந்தப்போடி நேர்மையானவர். “பாத்துக்கொண்டு இரிக்கிறன்,” என்றார்.

“வேலை செய்யிறது கூலியாக்கள். இவர் வரம்பில குடையைப் பிடிச்சிட்டுப் பாக்கிறார். சமைக்கிறதும் நானில்ல. மூத்தவள் சமைக்கிறாள். புள்ளைக்கு இங்கிலீசு படிப்பிக்கிறதா, பொய் படிப்பிக்கிறதா?”

“ஏன் அம்மா இப்பிடி…” என்று தொடங்கினார் கனகசிங்கம்.

“இப்பவும் ஏன் எண்டுதான் கேக்குறீங்க,” என்றார் ஆச்சிப்பிள்ளை. குரலில் கோபம் இல்லை. ஒருவித ஆயாசம்தான் இருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து செம்பில் தண்ணீர் வந்தது. செம்பைப் பிடித்திருந்த கையையும் நான்கு வளையல்களையும் மட்டும் கனகசிங்கம் கண்டார். “வீட்டு வசனம் நல்லாத்தான் இரிந்திச்சு, அம்மா,” என்று ஒரு மெல்லிய குரல் சொன்னது. “அவர் பாவம்.”

“கண்ணகை, உள்ளுக்குப் போ,” என்று மூத்த மகளிடம் சொன்னார் ஆச்சிப்பிள்ளை.

இந்த உலகத்தில் தனக்காகப் பேசவும் ஒரு ஆள் உண்டு என்று கனகசிங்கத்துக்குக் கண் கலங்கியது. ஆனால் அந்தக் குரலைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. ‘பார்க்கிறார்’ என்பதைக் கொண்டு ஒரு வசனம் செய்தாக வேண்டும். புதன்கிழமை முழுவதும் பிள்ளைகள் ‘மை பாதர் லுக்ஸ் அற் த பீல்ட்’ என்று கத்தினார்கள். என் தகப்பன் வயலைப் பார்க்கிறார். தாயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விடும் நேரம், வாசலில் குடை தெரிந்தது.

தென்னங்குருத்துத் தோரணம் கட்டி முடிந்திருந்தது. பூவுக்குச் சொல்லியாகிவிட்டது. விடிந்தால் வித்தியாதரிசி. பிள்ளைகளுக்கு இனி ஒரு சொல்லும் புதிதாக ஏறாது. ஆச்சிப்பிள்ளை உள்ளே வந்து பலகையைப் பார்த்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நிதானமாகப் பார்த்தார்.

“தம்பி, முதல்ல ஒண்டு எழுதினீங்களே. தகப்பன்ட வீடெண்டு.”

“ஓம், அம்மா.”

“அதையே திரும்ப எழுதுங்க.”

கனகசிங்கத்தின் வாய் திறந்தது. தகப்பனுடைய வீடென்றதால்தானே இவ்வளவும் வந்தது? இரண்டு வேட்டியும் ஒரு சால்வையும் என்ன ஆயிற்று? பன்னிரண்டு கேள்விகள் தொண்டைவரை வந்து நின்றன. மருந்துக்கும் காரணம் கேட்ட மனிதர் அவர். ஆனால் களைத்துப் போயிருந்தார். வாயை மூடிக்கொண்டார். துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார். ‘திஸ் இஸ் மை பாதர்ஸ் ஹவுஸ்’ என்று எழுதினார். எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆச்சிப்பிள்ளை பலகையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் மேலும் கீழும் பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போனார். அன்றைக்கும் மழை இல்லை.

வெள்ளிக்கிழமை வித்தியாதரிசி வந்தார். மூக்குக் கண்ணாடி, காற்சட்டை, ஒரு பழக்கமான களைப்பு. முன்வரிசையில் ஆச்சிப்பிள்ளையும் கந்தப்போடியும் இருந்தார்கள்.

முதலில் குஞ்சித்தம்பி ஏறினான். சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கினான். அதில் இரண்டு வீடு இருந்தது.

“திஸ் இஸ் மை பாதர்ஸ் ஹவுஸ்,” என்றான். பிறகு தாயைப் பார்த்தான். “திஸ் இஸ் மை மதர்ஸ் ஹவுஸ்,” என்றான். யாரும் நிற்பாட்டவில்லை என்று கண்டதும் மிச்சத்தையும் விட்டான். “திஸ் இஸ் அவர் ஹவுஸ். மை பாதர் லுக்ஸ் அற் த பீல்ட்.”

கனகசிங்கம் கண்களை மூடிக்கொண்டார். பனிச்சங்கேணிக்குப் போகும் வழியெல்லாம் அந்த இருட்டில் துலக்கமாகத் தெரிந்தது.

வித்தியாதரிசி முன்னால் சாய்ந்தார். வயலில் உன் தகப்பன் எதைப் பார்க்கிறார் என்று பிள்ளையிடம் இங்கிலீசில் கேட்டார்.

குஞ்சித்தம்பி கொஞ்சம் யோசித்தான். “பபலோ,” என்றான். “பிக் பபலோ.”

வித்தியாதரிசி சிரித்தார். அவர் சிரித்ததைக் கண்டு எருமை என்று விளங்காதவர்களும் சிரித்தார்கள். அடுத்த பிள்ளை தாயின் வீட்டில் தொடங்கி வயலுக்குப் போனது. அன்னப்பூரணியின் பிள்ளைகளில் ஒன்று எங்கள் வீடென்றது, மற்றது இல்லை என்றது. ஒரு பிள்ளை சொன்னதை இன்னொரு பிள்ளை சொல்லவில்லை. பூக் கொடுக்கும்போது குஞ்சித்தம்பி இரண்டு பூவையும் தாயின் கையில் வைத்தான். ஆச்சிப்பிள்ளை ஒன்றைக் கணவரிடம் நீட்டி, “பிடிங்க,” என்றார். அவர் பிடித்தார்.

கடைசியில் வித்தியாதரிசி தலைமை வாத்தியாரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“இந்த வருஷம் நான் பாத்த பள்ளிக்கூடம் எல்லாத்திலயும் பிள்ளையள் ஒரே வசனத்தைத்தான் வரிசையா ஒப்புவிச்சதுகள். இங்கதான் ஒவ்வொண்டும் தன்ட தாய் தகப்பனைப் பத்தித் தானா யோசிச்சுப் பேசுது. இந்த வகுப்பை நிற்பாட்ட வேண்டாம். அந்த வாத்தியார் எங்கயும் போகவும் வேண்டாம்.”

கனகசிங்கம் வெளியே போய்ப் பள்ளிக்கூட மாமரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதார். சந்தோஷம்தான்.

பின்னேரம் அவரைத் துறையடிவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவரும்படி ஆச்சிப்பிள்ளை சொன்னாராம். கந்தப்போடி கூட நடந்தார். காதில் இன்னும் அந்தப் பூவைச் செருகியிருந்தார். தோணி அக்கரையிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. வாவி அசையாமல் கிடந்தது.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, போடியார்,” என்றார் கனகசிங்கம். மனம் லேசானதில் அவருக்குத் துணிச்சல் வந்திருந்தது. “ஒண்டு மட்டும் விளங்கல்ல. அம்மாவுக்கு என்னில என்ன கோவம்?”

“கோவமா?” என்றார் கந்தப்போடி. வெற்றிலையைத் துப்பிவிட்டு, வளவில் கூரைக்குக் காத்திருக்கும் புது வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, கிணத்தடியில கண்டீங்களே, அந்த ரெண்டு கிடங்கும் என்ட மாமி என்னைக் கிணறு வெட்டச் சொல்லி, வெட்டினாப் பிறகு இடம் பிழையெண்டு விட்ட கிடங்கு. மூண்டாம் இடத்தைக் காட்டேக்க நான் ஏனெண்டு கேக்கல்ல, அண்டைக்குத்தான் ஆச்சிப்பிள்ளையை எனக்குத் தாறதெண்டு சொன்னவ. நீங்களும் நேத்து ஒண்டும் கேக்காமத்தான் அழிச்சீங்களாமே.”